பயணப் பையில் ஒரு சின்னப் பெட்டி

"பல் போனால் சொல் போச்சு" என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். பல் அத்தனையும் இருந்தும் சொல் போயிருந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். கிளிநொச்சி மாவட்டத்தில் நான் வேலை செய்யும் கிராமம் ஒன்றில் இருக்கிறாள். மேல் முன்பற்கள் மிதந்து, உதடு மூடாமல் இருந்ததால், யாருடன் பேசினாலும் இடதுகையால் வாயைப் பொத்திக்கொள்வாள். வகுப்பில் விடை தெரிந்தாலும் எழும்பமாட்டாள். 2009 ஜனவரியில், இடம்பெயர்ந்திருந்த தறப்பாள் கொட்டில் ஒன்றில் பிறந்தவள். தகப்பன் அந்த வருடம் மே மாதத்துக்குப் பின்னர் வீடு வரவில்லை. தாய் தையல் தைத்துத்தான் அவளை வளர்க்கிறார். அவரை நாங்கள் எல்லோரும் 'தையலக்கா' என்றுதான் கூப்பிடுவோம்.

அந்தப் பிள்ளையின் பல்லையும், நாங்கள் போய்வந்த ஒரு சுற்றுலாவையும் பற்றி இம்மாதம் எழுத நினைக்கிறேன். "எல்லாவற்றையும் இழந்து நிற்கிற எங்களுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டுவது ஒரு கதையா?" என்று சில சகோதரிகள் நினைக்கக்கூடும். நானும் ஒரு காலம் அப்படித்தான் நினைத்தேன். அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2022ஆம் ஆண்டு, பெற்றோல் வரிசையும் விலையேற்றமும் எல்லோரையும் வாட்டிய நேரம், தையலக்கா என்னிடம் வந்தார். பாடசாலையில் பல் பரிசோதித்தவர்கள் மகளை அரச வைத்தியசாலையின் பற்சீரமைப்புப் பிரிவுக்குக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அங்கே சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் கிட்டத்தட்ட மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போய்வர வேண்டும். பஸ் காசுக்கு ஏதாவது உதவி கிடைக்குமா என்று கேட்டார். நான் தேவைகள் மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தேன். கூரை, கிணறு, ஆடு, கோழி, கல்வி உபகரணம் என்று எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. பல்லுக்குக் கட்டம் இல்லை. 'ஏனையவை' என்ற இடத்தில் எழுதி, பக்கத்தில் 'அத்தியாவசியமற்றது' என்று குறித்தேன்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஏபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய தேவைகளின் படிநிலையை நாங்கள் படித்தோம். உணவு, பாதுகாப்பு எல்லாம் அடியில். மதிப்பும் தன்னம்பிக்கையும் மேலே. அடிப்படி நிறைந்த பிறகுதான் மேற்படி என்று நான் விளங்கிக்கொண்டிருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற பிள்ளைக்கு அந்தப் படிகள் எந்த ஒழுங்கில் இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

தையலக்கா என் படிவத்துக்காகக் காத்திருக்கவில்லை. வரிசையில் பெயரைப் பதிந்தார். இரவில் கூடுதலாகப் பாடசாலைச் சீருடைகள் தைத்தார். 2024இல் பிள்ளைக்குக் கம்பி கட்டினார்கள். மிதந்த பல் அழகுக்கு மட்டும் குறையல்ல, விழுந்தால் முதலில் உடைவதும் அந்தப் பல்தான் என்று டொக்டர் சொன்னதாகப் பிறகு எனக்குச் சொன்னார். என்னில் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

கடந்த 2025 ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் மகளிர் சேமிப்புக் குழு திருகோணமலைக்கு இரண்டு நாள் சுற்றுலா ஒழுங்கு செய்தது. மாதாமாதம் சேர்த்த காசில் ஒரு றோசா பஸ் பிடித்தோம். குழுவில் பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் சுற்றுலா. அதற்கு முன்னர் அவர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டதெல்லாம் இடம்பெயர்வுகளே.

தையலக்கா வரமாட்டேன் என்றார். "மிஸ், போற வழியில கம்பி கழண்டா நான் ஆரிட்டக் காட்டுறது? ஒருக்கா உடைஞ்சா இன்னொரு கிளினிக். இன்னொரு நாள் தையல் இல்லை" என்றார். அவர் சொன்னது நியாயமே. அடிக்கடி உடைந்தால் சிகிச்சைக் காலமும் நீளும். ஆனால் மகள் வாயைப் பொத்தாமல் என்னைப் பார்த்து, "மிஸ், நான் கடல் பாக்கோணும்" என்றாள். கம்பி கட்டிய பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் விடயம் அது. எப்படி விடுவது?

அடுத்த கிளினிக் நாளில் நானும் கூடப் போனேன். "டொக்டர், நாங்கள் ஒரு பயணம் போகப் போகிறோம், என்ன செய்ய வேண்டும்?" என்று நேரே கேட்டோம். சகோதரிகளே, இதை நாம் கேட்கத் தயங்குகிறோம். பெரிய இடத்தில் கேள்வி கேட்டால் ஏசுவார்கள் என்ற பயம் எங்களுக்கு உண்டு. அந்த டொக்டர் ஏசவில்லை. கம்பியின் நுனிகளைத் தடவிப் பார்த்து, நீண்டிருந்த ஒன்றை வெட்டிவிட்டார். ஒரு துண்டு மெழுகு கொடுத்தார். எதைச் சாப்பிடக்கூடாது, எது நடந்தால் என்ன செய்வது என்று சொன்னார். பயணத்துக்கு ஒரு கிழமை முன்னராவது இப்படி ஒருமுறை காட்டிக்கொண்டால் வழியில் வரும் அரைவாசித் தொல்லை வராது.

புறப்படும் விடியற்காலையில் தையலக்கா கையில் ஒரு கறுப்புப் பை இருந்தது. எனக்கு அந்தப் பையைத் தெரியும். வன்னியில் எத்தனையோ வீடுகளில் அது கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம், தகப்பனின் படம் எல்லாம் அதற்குள் இருக்கும். ஓடவேண்டி வந்தால் முதலில் கைக்கு வருவது அந்தப் பைதான். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் பலர் அதை ஆணியிலிருந்து இறக்கவில்லை. அன்றைக்கு அதே பைக்குள் கிளினிக் கொப்பி, மெழுகு, பல்துலக்கி, பல்லிடுக்குக்கான சின்னத் தூரிகை, முகம் பார்க்கும் கண்ணாடி, தாளில் சுற்றிய உப்பு, ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர் என்பனவும் சேர்ந்திருந்தன.

எங்களுடன் என் பெறாமகளும் வந்தாள். என் அக்காவின் மகள். கனடாவில் பிறந்தவள், பதினாறு வயது. நல்லூர்த் திருவிழாவுக்கு என்று வந்திருந்தாள். அவளுக்கும் பல் சீராக்கும் சிகிச்சைதான். ஆனால் கம்பி இல்லை. 'அலைனர்' என்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் தட்டு, மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. பத்து நாளைக்கு ஒரு சோடி மாற்றுவாள். ஒரு நாளில் இருபத்திரண்டு மணித்தியாலம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், தண்ணீர் தவிர வேறு எதையும் குடிக்கும்போதும் கழற்ற வேண்டும். இரண்டு பிள்ளைகளும் ஒரே இருக்கையில் இருந்து, ஒருத்தியின் வாயை மற்றவள் பார்த்துச் சிரித்தார்கள். வவுனியா வருவதற்குள் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள்.

பஸ் பயணம் என்றால் வாய் சும்மா இருக்காது. கச்சான் சுருள், முறுக்கு, தொதல், எள்ளுப்பாகு எல்லாம் ஓடித் திரிந்தன. கம்பி கட்டிய பிள்ளைக்கு இவைதான் எதிரி. கடினமானதைக் கடித்தால் பல்லில் ஒட்டியிருக்கும் சிறு உலோகத் துண்டு கழன்றுவிடும். ஒட்டும் தன்மையானது கம்பியை இழுக்கும். தேத்தண்ணியோடு பனங்கட்டியைக் கடிக்கும் எங்கள் பழக்கமும் அப்படித்தான். அவளுக்கு அதைத் தேத்தண்ணிக்குள் கரைத்துக் கொடுத்தார் தாய். பழத்தைச் சிறிதாக வெட்டினார். இடியப்பமும் சொதியும், மெதுவான பணிஸ், வாழைப்பழம், நுங்கு என்று அவள் சாப்பிடக்கூடியவையும் நிறைய இருந்தன. ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் பஸ்சுக்கு வெளியே நின்று போத்தல் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துலக்கினாள். துலக்காவிட்டால் அந்தத் துண்டுகளைச் சுற்றிச் சாப்பாடு தங்கி, கம்பி கழற்றும்போது பல்லில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு இருக்கும். அந்தத் தழும்பு பிறகு முழுதாகப் போவது கடினம்.

என் பெறாமகளுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. கழற்றினால் எதையும் சாப்பிடலாம். "என்ரது லேசு, சித்தி" என்றாள். அந்த லேசுதான் ஆபத்து என்று மத்தியானம் தெரிந்தது.

கோணேசர் கோயிலில் கும்பிட்டு வந்து, கோட்டைப் பக்கம் மரநிழலில் சோற்றுப் பார்சல்களை அவிழ்த்தோம். திருகோணமலை நகரின் புள்ளிமான்கள் நாலைந்து எங்களைச் சுற்றி நின்றன. பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா. சாப்பிட்டு, லஞ்ச் ஷீற்றுகளைச் சுருட்டி ஒரு பெரிய பையில் போட்டுக் குப்பைத் தொட்டியடியில் வைத்தோம். கால் மணித்தியாலம் கழித்து என் பெறாமகள் வாயில் கைவைத்தபடி நின்றாள். அலைனரைக் கழற்றி ஒரு ரிசுவில் சுற்றி, பார்சலுக்குப் பக்கத்தில் வைத்தாளாம். அதற்கான பெட்டி பஸ்சுக்குள் இருந்ததாம். எழும்பிப் போக அலுப்பாக இருந்ததாம்.

"பரவாயில்லை சித்தி, அம்மா திருப்பி எடுத்துத் தருவா" என்றாள். நானும், சரி போகட்டும் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தையலக்கா இரண்டு கைகளிலும் சொப்பிங் பைகளை மாட்டிக்கொண்டு குப்பைக்கு முன்னால் குந்தியிருக்கிறார். ஒவ்வொரு பார்சலாக அவிழ்த்துப் பார்க்கிறார். ஒரு மான் வந்து மூக்கை நீட்டியது. முழங்கையால் தள்ளினார். "மான் தின்னப் போகுது. அதுக்கும் கூடாது" என்றார்.

"அக்கா, விடுங்கோ, இது உங்கட வேலையில்லை" என்றேன்.

"தேடிப் பழகின கை மிஸ்" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, கணவரின் படத்தோடு வீதியோரத்தில் இருந்த பெண்களில் அவரும் ஒருவர். நான் வேறொன்றும் சொல்லாமல் பக்கத்தில் குந்தினேன். பிறகு குழுப் பெண்கள் மூன்று நான்கு பேர் வந்தார்கள். கடைசியில் என் பெறாமகளும் வந்து குந்தினாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

மேல் தட்டு கிடைத்தது. கீழ் தட்டு கிடைக்கவில்லை. கிடைத்ததைத் தையலக்கா சவர்க்காரம் போட்டுக் கழுவினார். சுடுதண்ணீரில் கழுவலாமே என்று ஒருவர் சொல்ல, என் பெறாமகள் பதறித் தடுத்தாள். சூடு பட்டால் அந்தப் பிளாஸ்ரிக் வளைந்துவிடும். பிறகு பல்லில் பொருந்தாது. வெயிலில் நிற்கும் வாகனத்தின் முன் தட்டில் வைத்தாலும் இதே கதிதான்.

அக்காவுக்குச் செய்தி அனுப்பினோம். அங்கே அப்போது விடியச் சாமம். இரவு ஏழு மணிக்குத்தான் அவர்களுடைய பல் வைத்தியரின் பதில் வந்தது. இந்தச் சோடியை எட்டு நாள் போட்டுவிட்டதால், கழுவிய மேல் தட்டை இன்றிரவு போட்டுக்கொண்டு, அடுத்த சோடியைத் தொடங்கலாம் என்றார். ஆனால் அடுத்த சோடி கிளிநொச்சியில் பெட்டிக்குள் இருந்தது. முந்திய சோடியைக் கனடாவிலேயே எறிந்துவிட்டாள். முந்தியதையாவது கையில் வைத்திருந்தால், கேட்டுவிட்டு அன்றைக்கே போட்டிருக்கலாம். மறுநாள் இரவு வீடு வந்து புதிய தட்டைப் போட்டபோது கீழ்ப் பற்கள் நொந்தன. ஒன்றரை நாளுக்குள்ளேயே பல் பழைய இடத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறது.

இனி அந்த இரவு மடத்தில் நடந்தது. மாலையில் நிலாவெளிக் கடலில் பிள்ளைகள் ஆசைதீரக் குளித்தார்கள். இரவு பத்து மணிபோல் தையலக்காவின் மகள் எழுந்து உட்கார்ந்து அழுதாள். கன்னத்துக்குள் கம்பி நுனி குத்தி, வாயில் இரத்தம். பிள்ளையின் வாயில் இரத்தத்தைக் கண்டதும் தையலக்காவின் கைகள் நடுங்கத் தொடங்கின. அவர் எதைக் கண்டார் என்று எங்களில் பலருக்கு விளங்கியது. ஒருவரும் கேட்கவில்லை. ஒரு அம்மா அவரைப் பக்கத்தில் இருத்தி முதுகைத் தடவினார்.

மகள்தான் தாயைத் தேற்றினாள். "அம்மா, ஒண்டுமில்லை, டொக்டர் சொன்னவர்தானே" என்று அந்தக் கறுப்புப் பையைத் திறந்தாள். கண்ணாடியை என் கையில் தந்தாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைக் கரண்டி உப்புக் கரைத்துக் கொப்பளித்தாள். சுத்தமான துணியால் கம்பி நுனியை ஒற்றி ஈரம் போக்கினாள். மெழுகில் ஒரு பயறளவு கிள்ளி, விரலில் உருட்டி, நுனிமேல் வைத்து அழுத்தினாள். நோ அடங்கியது. ஐந்து நிமிட வேலை.

மெழுகு தற்செயலாக வயிற்றுக்குள் போனாலும் கெடுதி இல்லை. சாப்பிட முன் எடுத்துவிட்டு, பிறகு புதிதாக வைக்கலாம். குத்தும் நுனி மெல்லியதாக இருந்தால் பென்சிலின் அழிறப்பர்ப் பக்கத்தால் மெதுவாகப் பல்லோடு அணைத்துவிடலாம். நகவெட்டியால் நாமே வெட்டப் போகக்கூடாது. வெட்டிய துண்டு தொண்டைக்குள் போய்விடும். உலோகத் துண்டு கழன்றாலும் கம்பியிலேயே தொங்கினால் அப்படியே விடலாம். கையோடு வந்துவிட்டால் பத்திரப்படுத்தி, அடுத்த நாளே கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். இரத்தம் நிற்காவிட்டால், அல்லது முகம் வீங்கினால், கிட்டவுள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அதன் பிறகு எங்களுக்கு நித்திரை வரவில்லை. விறாந்தையில் இருந்து கதைத்தோம். நான் வாசித்த ஒரு விடயத்தைத் தையலக்காவுக்குச் சொன்னேன். பல்லுக்கு முதலில் கட்டும் மெல்லிய கம்பி பெரும்பாலும் நிக்கலும் தைற்றானியமும் சேர்ந்த உலோகம். வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அப்படித் திரும்பும்போதுதான் பல்லையும் மெல்ல இழுத்துக்கொண்டு போகிறது. 'நிட்டினோல்' என்ற அந்த உலோகத்தை 1960 அளவில் கண்டுபிடித்தது அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுகூடம். 1970களில் ஜோர்ஜ் ஆண்ட்ரியாசன் என்ற பல் மருத்துவப் பேராசிரியர்தான் அதைப் பிள்ளைகளின் வாய்க்குக் கொண்டுவந்தார்.

தையலக்கா நித்திரையாகியிருந்த மகளைப் பார்த்தார். "ஆயுதம் செய்யிற இடத்திலயிருந்து எங்களிட்ட வந்ததுகளுக்குள்ள, இது ஒண்டுதான் மிஸ் பிள்ளையை நேராக்க வந்தது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "விடிய அவளைத் திரும்பக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவம்" என்றும் சொன்னார். பயணமே வேண்டாம் என்றவர் அவர்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளை இருக்கலாம். அல்லது விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவுப் பிள்ளையின் வாயில் கண்ணாடித் தட்டு இருக்கலாம். தட்டுக்கு ஒரே விதிதான். வாயில் இல்லாவிட்டால் பெட்டியில், மூன்றாவது இடம் கிடையாது. ரிசுவும், லஞ்ச் ஷீற்றும், சட்டைப்பையும், தலையணைக்கு அடியும் அதற்கு இடமல்ல. தட்டுப் போடும் பிள்ளை முந்திய சோடியையும் அடுத்த சோடியையும் கைப்பையில் கொண்டு திரியட்டும். கம்பி கட்டிய பிள்ளை மெழுகும் உப்பும் தூரிகையும் கொண்டு திரியட்டும். கிளினிக் இலக்கம் தாயின் தொலைபேசியிலும், ஒரு தாளிலும் இருக்கட்டும். வாயையும் தட்டையும் சுத்தமான தண்ணீரிலேயே கழுவட்டும். இவ்வளவும் கையில் இருந்தால், கம்பிக்காக ஒரு பிள்ளையும் கடலைப் பார்க்காமல் வீட்டில் இருக்கத் தேவையில்லை.

கனடாவுக்குத் திரும்புவதற்கு முதல்நாள் என் பெறாமகள் தையலக்கா வீட்டுக்கு என்னோடு வந்தாள். தன்னிடம் மேலதிகமாக இருந்த நீலநிறப் பெட்டி ஒன்றைச் சிநேகிதிக்குக் கொடுத்தாள். "கம்பி கழட்டின பிறகு உனக்கும் இரவில போட ஒரு தட்டுத் தருவினம். போடாட்டி பல்லு திரும்பவும் போயிடும். அப்ப இதுக்குள்ள வை" என்றாள். தையலக்கா அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார். வெறுமையாகத்தான் இருந்தது. மூடி, கதவடியில் தொங்கிய கறுப்புப் பையை எடுத்து, உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடுவில் வைத்தார்.

அலுவலகம் திரும்பியதும் அந்தப் பழைய படிவத்தைத் தேடி எடுத்தேன். 'அத்தியாவசியமற்றது' என்று நான் எழுதியதை ஒரு கோடு போட்டு வெட்டினேன். அது இனி ஒருவருக்கும் உதவாது என்று தெரியும். புதிய படிவத்தில் பிள்ளைகளின் பல், கண், காது என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்.

போன கிழமை அந்தப் பிள்ளையைப் பாடசாலை வாசலில் கண்டேன். தோழிகளோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் புத்தகங்கள் இருந்தன.